ரெஜினாவின் கைப்பை

1

போன வாரம் கொழும்புக்குப் போய் என்னுடைய வதிவிட அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். வருடம் தவறாமல் போகிற வேலைதான். தூத்துக்குடியில் பிறந்து, திருகோணமலைக்காரரைக் கட்டி, பன்னிரண்டு வருடமாக அன்புவழிபுரத்தில் குடியிருந்தாலும், இந்த நாட்டுக் காகிதங்களில் நான் இன்னும் தற்காலிகமாகத் தங்கியிருப்பவள். இந்த முறை படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி இருந்தது. உங்கள் நாட்டிலிருந்து யாராவது வந்து உங்கள் வீட்டில் தங்கினார்களா? 'ஒருவர், மூன்று இரவு' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'வந்த நோக்கம்' என்று கேட்டிருந்தது. பேனாவைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் நின்றவர் செருமினார். 'நட்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கட்டத்துக்குள் அடங்காததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

ரெஜினாவும் நானும் தட்டச்சுப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து எந்திரத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். அவளுடைய அண்ணன் அந்தோணி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். வரும்போதெல்லாம் தங்கைக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வாசனைச் சோப்பு கொண்டுவருவார். என் கணவர் குகதாசன் கலவரத்துக்குப் பயந்து படகேறி வந்து எங்கள் ஊர் உப்பளக் கந்தோரில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டார் சம்மதிக்காதபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் ரெஜினாதான். பிறகு குகனுக்குத் திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. வந்துவிட்டோம். முதல் வருடம் இரண்டு கடிதம் எழுதினாள். அப்புறம் ஒன்றுமில்லை.

பத்து வருடத்துக்கு மேல் ஒரு வரி எழுதாதவள் திடீரென்று எழுதினாள். தேவாலயத் திருவிழாவுக்கு ஒரு கூட்டத்தோடு கொழும்புக்கு வருகிறாளாம். அங்கிருந்து வெள்ளி மாலை எங்கள் வீட்டுக்கு வந்து திங்கள் காலை போய்விடுவாளாம். நான் கடிதத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். குகன் அதை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, "ஏன் இப்ப?" என்று மட்டும் கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். பேச்சுவார்த்தைக் காலத்தில் அகற்றிய காவலரண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்த மாதம் அது. வீதியோரத்தில் குண்டு வெடித்தால் அன்று மாலையே எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஆட்களை எண்ணுவார்கள்.

2

விருந்தாளி வருவதென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும். கிராம சேவகரிடம் போனேன். உறவுமுறை என்ற இடத்தில் சிநேகிதி என்று சொன்னேன். சிநேகிதி ஒரு உறவுமுறை இல்லை என்றார் அவர். பொலிஸில் ஆயிரம் கேட்பார்கள், வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று அவரே வழியும் சொன்னார். ஒன்றுவிட்ட தங்கை என்று எழுதினோம். பெயர் ரெஜினா பர்னாந்து என்றதும், இங்கே சிங்களவருக்கும் உள்ள பெயர் என்பதால், நிமிர்ந்து பார்த்தார். எங்கள் கடற்கரையில் பாதிப் பேர் பர்னாந்துதான் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் முத்திரை குத்தினார்.

ஆக, என் பொய் ஒன்று ஏற்கெனவே பதிவில் இருந்தபோதுதான் ரெஜினா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கட்டிப்பிடித்தபோதும் இடது தோளில் மாட்டியிருந்த கைப்பையை இறக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் சிரித்தே கழிந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்து, "ஆறுதலா இருந்து கதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜினா என் கையைப் பிடித்து, யார் செத்துப்போனது என்று மெதுவாகக் கேட்டாள். இங்கே ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று அர்த்தம். நான் வந்த புதிதில் இதே மாதிரி எத்தனையோ இடத்தில் விழுந்து எழும்பியிருக்கிறேன். கல்யாண வீட்டில் ஒரு பெரியவரிடம், உங்களோடு நிறையப் பேச வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது. இங்கே பேசுவது என்றால் ஏசுவது. என் மகள் தர்சினிக்குப் பதினொரு வயது. இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, "உங்கட நாட்டில எல்லாரும் இப்பிடித்தானோ?" என்று ரெஜினாவைக் கேட்டாள். உங்கட நாடு என்பதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள். பழகிவிட்டது.

இரவுச் சாப்பாட்டில்தான் அது நடந்தது. ரெஜினா குகனிடம் துறைமுகத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். கூலிக்கு வருகிறவர்கள் எந்த வாசலால் போவார்கள்? கப்பலில் ஏறும்போது அடையாள அட்டையை இன்னும் வாங்கி வைக்கிறார்களா? வாசலிலிருந்து கிண்ணியாத் துறை வரைக்கும் எத்தனை இடத்தில் மறிப்பார்கள்? குகன் ஓம், இல்லை என்று மட்டும் சொன்னார். கடைசியாக அவள் கேட்டாள்: "ஞாயித்துக்கிழம பாதை எத்தன மணிக்குப் போவும்?"

குகன் பிடித்த சோறு வாய்க்குப் போகவில்லை.

கடல்வாய்க்கு அக்கரையில் இருக்கும் கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடல்வாயைக் கடக்கிற தட்டையான மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். தூத்துக்குடிக்காரி படகு என்பாள், தோணி என்பாள். பாதை எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்க மாட்டாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் குசினிக்குள் வந்து குகன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவவுக்கு ஆர் இந்தச் சொல்லைச் சொல்லிக் குடுத்தது? நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா உம்மட சிநேகிதி ஆரோ அனுப்பித்தான் வந்திருக்கிறா."

3

சனிக்கிழமை காலையில் குகன் வேலைக்குப் போய்விட்டார். நானும் ரெஜினாவும் கடைத்தெருவுக்குப் போனோம். சேலை பார்க்கலாம் என்று கூட்டிப்போனால், அவள் துறைமுக வீதிப்பக்கம் திரும்பி நடந்தாள். வேலிக்கு அப்பால் ஒரு கப்பல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. ஜெபிக்கிறாளா எண்ணுகிறாளா தெரியவில்லை. காவலுக்கு நின்றவர் வந்து அட்டையைக் கேட்டார். என் வதிவிட அனுமதியை நீட்டினேன். ரெஜினாவின் கை பைக்குள் போய் வெளியே வர நேரமெடுத்தது. கடைசியில் கடவுச்சீட்டைக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு எங்களை அனுப்பினார். 

வீட்டுக்கு வந்ததும் தர்சினி என்னைத் தனியே இழுத்தாள். "அம்மா, விடிய ரெஜினா அன்ரி கொப்பியில ஏதோ நம்பர் எழுதினவ. என்னைக் கண்டதும் மூடிப்போட்டா. அவ ஆர் உண்மையில?"

எனக்கு என் தோழியைவிட என் மகளின் முகம்தான் பயம் தந்தது. பதினொரு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்த விருந்தாளியை வேவு பார்த்திருக்கிறாள். அதை நான் கண்டிக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ரெஜினா கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பையை அறையில் விட்டுப் போயிருந்தாள். தர்சினியைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கிணற்றுக் கப்பியின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

பையில் கடவுச்சீட்டு, மாத்திரை, சீப்பு, ஒரு கொப்பி, ஜெபப் புத்தகம். புத்தகத்தின் நடுவில் ஒரு கைக்குட்டை மடிப்பு. அதற்குள் இலங்கை அடையாள அட்டை ஒன்று இருந்தது. ஒரு ஆணின் அட்டை. பெயர் மீராசாகிபு கலீல். தொழில் கூலி. விலாசம் குறிஞ்சாக்கேணி, கிண்ணியா.

இந்த ஊரில் இன்னொருவருடைய அட்டையோடு பிடிபடுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். போன வருடம் பின் ஒழுங்கையில் ஒரு பெண்ணின் வீட்டில் இரண்டு அட்டை இருந்தது. இரண்டும் அவளுடையதுதான். தொலைந்தது பிறகு கிடைத்திருக்கிறது. அதற்கே ஒன்பது நாள் உள்ளே வைத்திருந்தார்கள். இங்கே இருப்பதோ முன்பின் தெரியாத ஆணுடையது, இந்தியக்காரியின் பையில், அவள் என் ஒன்றுவிட்ட தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பவள் நான், என் கணவருக்கோ துறைமுகத்துக்குள் வேலை.

அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு காரணம் சொல்வாள், அதை நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிவரும் என்று பயந்தேன். அட்டையின் இரண்டு பக்கத்தையும் நன்றாகப் பார்த்தேன். யாராவது கேட்டால் தெரிந்திருக்கட்டும் என்று பெயரையும் விலாசத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். பிறகு குசினிக்குப் போய் அடுப்பில் போட்டேன். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சுருண்டு, கறுத்து, நாற்றம் வீடு முழுவதும் பரவியது. அவசரமாகக் கருவாட்டை எடுத்துச் சட்டியில் போட்டுப் பொரித்தேன்.

ஈரத்தலையோடு உள்ளே வந்த ரெஜினா மூக்கை உறிஞ்சி, "நம்ம ஊரு வாசம் அடிக்கிட்டி" என்றாள்.

4

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு அறைக்குப் போனாள்.  கொஞ்ச நேரம் கழித்து வந்து எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி சாந்தி, என் ஜெபப் புத்தகத்தைத் தொட்டியா?"

"தொட்டேன்."

"அது எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"எரிஞ்சிட்டா?"

"எரிஞ்சிட்டு."

அவள் கத்தவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். யாருடைய அட்டை, யார் கொடுத்தது, எங்கள் வீட்டை எதற்குத் தேர்ந்தெடுத்தாய் என்று நான்தான் அடுக்கிக்கொண்டே போனேன். என் குரல் வீதியில் மறிக்கிறவர்களின் குரல் மாதிரியே இருந்தது. முடியும் வரைக்கும் கேட்டுவிட்டு, அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார் என்று சொன்னாள். எனக்கு அதுகூடத் தெரியாது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பதினாறு வருடத்துக்கு முந்தி அந்தோணி அண்ணன் வேலை செய்த சீமெந்துக் கப்பல் இந்தத் துறைமுகத்தில் நின்றிருக்கிறது. சரக்கு இறக்க ஏறுகிற கூலியாட்களின் அடையாள அட்டைகளை வாங்கி வைத்து, இறங்கும்போது திருப்பிக் கொடுப்பது அண்ணனின் வேலை. ஒருநாள் பொழுது சாயும் நேரம் துறைமுக வாயில் பெரிய வெடிச்சத்தம். கப்பலை உடனே வெளியே எடுக்கச் சொல்லி உத்தரவு. கூலியாட்களை அவசரமாகப் படகில் இறக்கி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் கப்பலின் அடித்தளத்திலிருந்து ஏறி வரப் பிந்திவிட்டார். மற்றவர்கள் போய்விட்டார்கள். அண்ணன் எவ்வளவு தேடியும் அவருடைய அட்டை அகப்படவில்லை. மேலேயிருந்து அதிகாரி கத்துகிறார். அந்த ஆள், "பாதை போயிடும் அண்ணே, நாளைக்கு எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கப்பலுக்கு வழிகாட்ட வந்த சின்னப் படகில் இறங்கிப் போனார்.

அடுத்த நாள் நடுக்கடலில் பதிவேட்டைத் தூக்கியபோது அட்டை அடியில் கிடந்தது. கப்பல் திருகோணமலைக்குத் திரும்பி வரவேயில்லை.

தபாலில் அனுப்பினால் பிரித்துப் பார்ப்பார்கள், அந்த மனுஷனுக்கே வினையாகும் என்று அண்ணன் பயந்திருக்கிறார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பாராம். அட்டை இல்லாமல் அன்றைக்கு எப்படி வீட்டுக்குப் போயிருப்பான் என்பாராம். சாவதற்கு முன் தங்கையிடம் கொடுத்திருக்கிறார்.

"முதல்லயே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உன் வீட்டுக்காரர் போக விடுவாரா? எனக்கும் உங்கள நம்பப் பயமாத்தான் இருந்திச்சு."

வேலை முடிந்து வந்த குகன் நிலையடியில் நின்று கடைசிப் பகுதியைக் கேட்டிருக்கிறார். சட்டையைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். அடுப்படியை ஒரு தரம் பார்த்தார். அந்த நாட்களில் அட்டையில்லாமல் மறிபட்டு வீட்டுக்குப் போய்ச் சேராதவர்களைப் பற்றித் துறைமுகத்தில் இப்போதும் கதைப்பார்கள் என்று சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "விலாசம் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. இரண்டு தரம் வாசித்திருந்தேனே.

5

ஞாயிறு காலையில் நானும் ரெஜினாவும் போனோம். துறையில் பெண்களைத் தனியே மறைப்புக்குள் கூப்பிட்டுச் சோதித்தார்கள். சோதித்த பெண் ரெஜினாவின் பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினாள். ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். கைக்குட்டையை விரித்தாள். ரெஜினா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அட்டை இருந்திருந்தால் எங்கள் பயணம் அந்த மறைப்புக்குள்ளேயே முடிந்திருக்கும். பாதையில் ஏறி நின்றபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் செய்தது சரிதான் என்று அக்கரை சேரும் வரைக்கும் நம்பினேன்.

குறிஞ்சாக்கேணியில் கலீலின் வீடு எது என்று ஒரு கடையில் கேட்டோம். கடைக்காரர் நாங்கள் யார், எந்த ஊர், எந்த நிறுவனம் என்று விசாரித்தார். எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு ஆளை முன்னே அனுப்பிவிட்டு எங்களை நிற்க வைத்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் வரச் சொல்லி ஆள் வந்தது.

கலீலின் மனைவி ஹபீபா இடியப்பம் அவித்து விற்கிறவர். அவிக்கிற நீத்துப்பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், ஆனால் தான் உட்காரவில்லை. கதவோரம் மகள் சுமையா நின்றாள். தகப்பன் போய் மூன்று மாதத்தில் பிறந்தவளாம்.

ரெஜினா எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். ஹபீபாவுக்குப் புரியாத இடத்தில் நான் இந்த ஊர்ச் சொல்லாக மாற்றிச் சொன்னேன். சின்னப் படகில் இறங்கிப் போனார் என்ற இடம் வந்ததும் ஹபீபா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இறங்கினத உங்கட காக்கா கண்ணால கண்டாரா?"

அண்ணன் கண்டார் என்றாள் ரெஜினா.

"அப்ப அவர் கப்பல்ல போகல்ல."

"இல்லம்மா."

ஹபீபா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் பதினாறு வருடமாக இருந்த கதை வேறு. கூட வேலை செய்தவர்கள் வந்து, நாங்கள் இறங்கும்போது கலீல் கப்பலுக்குள் இருந்தான், கப்பல் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரே முடிவு கட்டியது, வயிற்றுப் பிள்ளைக்காரியை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு ஓடிவிட்டான் என்று. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகக்கூட ஒருவர் வந்து சொன்னாராம். அந்தக் கோபத்திலேதான் ஹபீபா இத்தனை காலம் இடியப்பம் பிழிந்திருக்கிறார். அந்தக் கோபத்துக்குள்ளே, எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்பதும் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் நாங்கள் எடுத்துவிட்டோம்.

"எங்கள விட்டுட்டுப் போகல்ல" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ரெஜினா கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அட்டையின் இலக்கம். தர்சினி பார்த்துப் பயந்தது அதைத்தான். ஓடிப்போனவராகவே இருந்தாலும் காகிதத்துக்குக் காணாமல்போனவர் என்று பதியப் போன இடத்தில் இலக்கம் இல்லையென்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்பதால் சுமையா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிவிட்டு அட்டையைக் கேட்டாள். "ஐசி எங்க? அதில வாப்பாட படம் இருக்குமே?"

வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தில் படமெடுக்கவில்லை. அட்டைக்காக எடுத்த படத்தின் மிச்சப் பிரதிகள் இரண்டு முறை இடம்பெயர்ந்ததில் போய்விட்டன. அவள் தகப்பனின் முகத்தைப் பார்த்ததே கிடையாது.

ரெஜினா, "அது ஊருல..." என்று தொடங்கினாள். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது.

"நான்தான் எரிச்சனான்" என்று சொன்னேன். "நேற்று. பயத்தில. ஆருடைய அட்டை எண்டு கேக்கவும் இல்லை."

சுமையா உள்ளே போய்விட்டாள். ஹபீபா என் பக்கம் திரும்பினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எரிக்க முந்திப் படத்தப் பாத்தீங்களா?"

"பார்த்தனான்."

"சொல்லுங்க. எனக்கு அவர்ர முகம் மறந்து போச்சு, புள்ள. ஆக்களிட்டச் சொல்லுறதில்ல. கோவத்தில நினைக்காம விட்டு விட்டு, இப்ப நினைச்சாலும் வருகுதில்ல."

சொன்னேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இடது பக்கம் வகிடு. மெல்லிய மீசை. ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. கண்ணை மூடாதே என்று சொல்லிப் படமெடுத்த மாதிரி ஒரு முழி. சொல்லச் சொல்ல, கதவுக்குப் பின்னால் சுமையாவின் பாவாடை விளிம்பு தெரிந்தது.

6

ரெஜினா திங்கள் காலை போய்விட்டாள். பேருந்தில் ஏறும்போது, அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டுவிட்டு, அண்ணன் இல்லை என்பது நினைவு வந்து சிரித்தாள். ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி எழுதினாள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. குகன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தர்சினி மட்டும் ஒருநாள், அவ நல்ல அன்ரியா கூடாத அன்ரியா என்று கேட்டாள். நல்லவ, நாங்கள்தான் பயந்துவிட்டோம் என்றேன். அவளுக்கு அது திருப்தியாக இல்லை.

ஹபீபாவிடமிருந்து ஒரு மாதம் கழித்து ஆள் வந்தது. சுமையா என்னைக் கேட்கிறாளாம். போனேன். திரும்பவும் அந்த முகத்தைச் சொல்லச் சொன்னாள். அப்புறம் பாதை ஓடுகிற நாட்களில், நிலைமை சரியாக இருந்தால், போய் வருகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பாள். புருவம் அடர்த்தியா? நாடி எப்படி? ஒரு நிமிடம்கூடப் பார்க்காத படம் அது. கேட்கக் கேட்க நானும் ஏதோ சொல்கிறேன். சொன்னதெல்லாம் நான் பார்த்ததுதானா என்ற சந்தேகம் எனக்குள் வளர்ந்துவிட்டது. ரெஜினாவைச் சந்தேகித்ததைவிட இது கொடியது. அவளுடைய பையையாவது திறந்து பார்க்க முடிந்தது.

போன மாதம் சுமையா என்னைப் பிடித்துவிட்டாள்.

"வலப்பக்கம் வகிடு எண்டு இப்ப சொல்றீங்க. முதல் நாள் இடப்பக்கம் எண்டு சொன்னீங்க."

 கண்ணை மூடிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை தெரிந்தது. வகிடு தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இடப்பக்கம்தான்" என்றார் ஹபீபா.

மாவு பிசைந்த கையோடு குந்தியிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. இடது கையைத் தனக்கு முன்னால் காற்றில் கொஞ்சம் உயரத்தில் வைத்து, யாரோ முன்னால் இருப்பது போல, வலது கையால் மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

"வேலைக்குப் போக முந்தி நான்தானே சீவி விடுறது. குனிய மாட்டார். நான்தான் எக்கணும்."

சுமையா என்னை விட்டுவிட்டு எழும்பிப் போய்த் தாயின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பிறகு?" என்று கேட்டாள்.